லேசர் ஒளியும் குடவோலையும்
(உத்திரமேரூரில் பேசியதன் சுருக்கம்)



லேசர் என்னும் ஒளியைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. புஸ்தகங்களைத் தேடிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் எனக்கு விளங்கியதைச் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

ஒளியைக் கண்டால் நம் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அது எப்படி உண்டாகிறதென்று கேட்பவர் எத்தனை பேர்? அணுவிலுள்ள சக்தி ஏணிப்படி போன்றது. இரண்டு படிக்கு நடுவில் நிற்க இடமில்லை. மேற்படியிலிருக்கும் அணு கீழே இறங்கினால், அந்த வித்தியாசத்தை ஒரே பொட்டலமாக, ஒளியாக வெளியே விடுகிறது. அதே அளவுள்ள பொட்டலம் வந்தால் கீழ்ப்படி அணு அதை விழுங்கி மேலே ஏறுகிறது.

சரி, மேலேயிருப்பது எப்போது இறங்கும்? நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, சுமார் 920-ம் வருஷத்துக் கல்வெட்டைப் பாருங்கள். குடத்தில் ஓலைகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எந்த ஓலை வருமென்று எவருக்கும் தெரியாது. தானாக இறங்கும் அணுவும் அப்படித்தான். எந்த நிமிஷம் இறங்குமென்று எந்த ஜோசியனாலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்களில் பாதி இறங்க எவ்வளவு நேரமாகுமென்று கணக்காகச் சொல்லலாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தக் குடத்தில் பெயர் விழ நிலமும், சொந்த வீடும், வேதப் படிப்பும் வேண்டியிருந்தன. உழுதவன் பெயரும் பெண்கள் பெயரும் அதில் இல்லை. இயற்கையின் குடத்தில் அந்த அயோக்கியத்தனம் கிடையாது!

1917-ல் ஐன்ஸ்டீன் இன்னொரு வழியை எழுதிக் காட்டினார். மேற்படியில் நிற்கும் அணுவின் பக்கம் சரியான அளவுள்ள ஒளி வந்தால், அந்தத் தூண்டுதலாலேயே அணு இறங்கிவிடும். அது விடும் ஒளி, வந்த ஒளியோடு நிறத்திலும், திசையிலும், அலையின் ஏற்ற இறக்கத்திலும் ஒன்றாயிருக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.

1924-ல் டாக்கா சர்வகலாசாலையிலிருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளிப் பொட்டலங்களுக்குத் தனித்தனி அடையாளமே இல்லையென்று வைத்துப் புதுக் கணக்குப் போட்டார். பொட்டலங்கள் கூடியிருக்கும் நிலையிலேயே அடுத்ததும் வந்து சேர வாய்ப்பு அதிகம் என்பது அதனுள் அடங்கியிருக்கிறது. அதை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் குலமென்ன, கோத்திரமென்ன என்று கேட்கவில்லை. கணக்கைப் பார்த்தார், தாமே ஜெர்மன் பாஷையில் பெயர்த்து அச்சேற்றினார்.

ஆனால் சாதாரணமாகக் கீழ்ப்படியில்தான் அணுக்கள் அதிகம். ஆகவே ஒளி பெருகாமல் விழுங்கப்பட்டுப் போகும். வெளியிலிருந்து சக்தியைச் செலுத்தி மேற்படியில் அதிகம் பேரை நிறுத்த வேண்டும். பிறகு இரு முனையிலும் கண்ணாடி வைத்து ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட வேண்டும். 1960-ம் வருஷம் மே 16-ந் தேதி அமெரிக்காவில் மைமன் என்பவர் கெம்புக் கல்லைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். 1964-ல் பாராமதியில் பிறந்த குமார் படேல் அமெரிக்காவில் கரியமிலவாயு லேசரைச் செய்தார். அந்த வகை இன்று இரும்புத் தகட்டையும் அறுக்கிறது.

இதெல்லாம் எங்கள் பிரம்மாஸ்திரந்தான் என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். கணக்கு எழுதியபின் கருவி வர 43 வருஷம் பிடித்தது. எத்தனையோ தலைமுறையாக சுலோகத்தை மனப்பாடம் செய்தவர்கள் அதற்குள் ஒரு நூலிழை லேசரையாவது காட்டினார்களா?

தோழர்களே! இது வெறும் வாதமல்ல. சர்க்கரை வியாதி கண்ணின் உட்திரையைக் கெடுக்கிறது. நம்மவர்களோ கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1,700-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பரீட்சை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசராலோ வேறொரு கடும் விளக்காலோ சிகிச்சை. எந்தக் கண்ணுக்கென்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலவே தீர்மானித்தார்கள். கடுமையான பார்வையிழப்பு பாதிக்குமேல் குறைந்ததென்று 1976-ல் வெளியிட்டார்கள். எந்தக் கோயிலாவது தன் வேண்டுதலை இப்படிப் பரீட்சைக்கு விட்டதுண்டா?

இன்று ஊசி மருந்தும் உண்டு. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வையைத்தான் காக்கும். போனதைத் திருப்பித் தராது. ஆகையால் சர்க்கரை வியாதியுள்ளவர்கள், கண் நன்றாகத் தெரியும்போதே, வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள். கண்மலருக்கு வைத்திருக்கும் பணம் பஸ் செலவுக்கு ஆகட்டும்!