கையில் வாங்க வேண்டிய காகிதம்

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகும் எவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. பாரா நிற்கும் காவலரைக் கடந்து உள்ளே போனால், புகார் மனு நிலைய அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் இல்லாத நேரத்தில் நிலைய எழுத்தர், ஊர் வழக்கில் ரைட்டர், வாங்கி வைப்பார். மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் தரப்படுவது சி.எஸ்.ஆர். ரசீது. பதிவேட்டில் மனு ஏறிய எண்ணும் தேதியும் அதில் இருக்கும். "மனுவைக் கொடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பியவர், பின்னால் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் அவர் புகார் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம். சி.எஸ்.ஆர். என்பது மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டதற்கான ரசீது மட்டுமே. வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகுதான். திருட்டு, வழிப்பறி, கொடுங்காயம் போன்று, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால், எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்கும் குறைவான தண்டனை கொண்ட குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதி பெற்று, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த 14 நாள், மாதக்கணக்கில் நீளக் கூடாது.

குற்றம் நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லிப் புகார்தாரரைத் திருப்பி அனுப்பவும் இப்போது வழியில்லை. எந்த நிலையத்தில் கொடுத்தாலும் புகாரைப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மதுரையில் பேருந்தில் பையைப் பறிகொடுத்தவர் திருச்சியில் இறங்கியபின்தான் அதை உணர்ந்தால், திருச்சியிலேயே புகார் சொல்லலாம். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அதிகாரி எழுதி, அவருக்கே படித்துக்காட்டி, கையொப்பம் பெற வேண்டும். எந்தச் சட்டப் பிரிவு என்று எழுதுவது புகார்தாரர் வேலையன்று. எப்போது, எங்கே, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நடந்தபடி எழுதினால் போதும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிப்பதும் இன்று சட்டக் கடமை. பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபாலின் ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டியதே.

பெண்களுக்கென்று தனி நிலையம் என்ற ஏற்பாட்டை நாட்டில் தொடக்க காலத்திலேயே பரவலாக்கிய மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. இங்கே முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். அத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. சாட்சியாக விசாரிக்க ஒருவரை அழைக்க வேண்டுமானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும்; தாமே விரும்பினால்தான் நிலையத்துக்கு வருவார்கள். தொலைபேசியில் "உடனே ஸ்டேஷனுக்கு வா" என்று அதட்டினால் நடுங்கிக்கொண்டு ஓடும் முதியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது இந்த விதியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குற்றத்தோடு சம்பந்தமில்லாத அன்றாடத் தேவைகளும் நிலையத்தில் உண்டு. தொலைந்த சான்றிதழ், அடையாள அட்டை பற்றி மாநிலக் காவல்துறையின் இணைய சேவையில் பதிந்து அறிக்கை பெறலாம். நிலப் பத்திரம் தொலைந்தால் நகல் வாங்குவதற்குக் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றும் தேவைப்படும். அதைக் காவல்துறை விசாரித்துத்தான் தரும். கைபேசி தொலைந்தால் புகார் நகலை வைத்து மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்தக் கருவியையே முடக்கலாம். வெளியூர் போகிறவர் வீட்டைப் பூட்டிவிட்டு நிலையத்தில் சொல்லிவைத்தால் இரவு ரோந்துக்காரர்கள் அந்தத் தெருவைக் கவனிப்பார்கள். இணையத்தில் பணம் பறிபோனால் மட்டும் நிலையம் தேடி அலையக் கூடாது. முதலில் 1930 எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் அதை வழியில் நிறுத்த முடியும். மற்ற அவசரத்துக்கு 100 அல்லது 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னால் ஓரமாக நிறுத்துவதே முதல் வேலை. தப்பிக்க வண்டியைத் திருப்பி ஓட்டியும், துரத்தப்பட்டும் உயிர் போன செய்திகள் வராத ஆண்டில்லை. தலைக்கவசம் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம், அதற்காக உயிரை விடுவதா? சீருடையில் உள்ள எந்தக் காவலரும் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு சொல்கிறது. உதவி ஆய்வாளர்தான் கேட்க வேண்டும் என்று வாதம் செய்வது வீண். அசல் காகிதம் கையில் இல்லாவிட்டாலும் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள உரிமமும் ஆர்.சி. புத்தகமும் செல்லும். உரிமத்தைக் காவலர் கைப்பற்றினால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமமோ பதிவோ இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கலாம்; ஆனால் ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்குவதற்கென்று சட்டத்தில் இடமில்லை.

அபராதம் என்றால் இ-சலான் வர வேண்டும். சலான் இல்லாமல் கைமாறும் பணம் அபராதமும் ஆகாது, அரசுக் கருவூலத்துக்கும் போகாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் அந்த இடத்திலேயே கட்ட வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்லலாம். குடித்துவிட்டு ஓட்டியதாகச் சந்தேகம் வந்தால் ஊதிக் காட்டச் சொல்வார்கள். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். அதற்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் விட்டுவிட வேண்டும்.

இரவில் நடந்து வருபவரை ரோந்துக் காவலர் நிறுத்தினால் பெயர், ஊர், போகும் இடம் சொல்வது நல்லது. காவலர் கண்ணெதிரே சிறு குற்றம் செய்துவிட்டுப் பெயர், முகவரி சொல்ல மறுப்பவரை, அதை அறிந்துகொள்வதற்காகவே கைது செய்யலாம். பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் காத்துத்தான் செய்ய வேண்டும்.

கைது என்று வந்தால் விதிகள் கடுமையாகின்றன, ஆக வேண்டியதும் நியாயம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று சட்டத்திலேயே சேர்ந்திருக்கின்றன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட, கைதானவரும் கையெழுத்திட வேண்டும். காரணத்தை அவரிடமும், இருக்கும் இடத்தை உறவினரிடமும் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அசாதாரணமான சூழ்நிலையில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றி, பெண்ணைச் சூரியன் மறைந்து உதிக்கும்வரை கைது செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக நீதிமன்றம் ஏற்பதுமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். இந்த விதிகளில் ஒன்றிரண்டு காக்கப்பட்டிருந்தாலும் அவர்கள் உயிரோடு இருந்திருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம். காவலர் அடித்தாலோ, இழிவுபடுத்தினாலோ, சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்தாலோ சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி, அதன் நகலையும் சி.எஸ்.ஆர். போன்ற மற்ற சீட்டுகளையும் மனுவோடு இணைப்பது நல்லது. நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அந்தப் புகாரை விசாரிக்க முடியாது.