இட ஒதுக்கீடு கப்பல் ஏறுமா?

(சென்னை ஆழ்வார்பேட்டையில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜெய்பீம்.

இந்த அரங்கிலிருந்து இறங்கி லஸ், சாந்தோம் வழியாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் நொச்சிக்குப்பம் போய்விடலாம். ஆழ்வார்பேட்டைக்குக் கடல் அவ்வளவு பக்கம். அங்கிருந்து தினமும் காலையில் இங்கே மீன் வருகிறது. அந்த மீனைக் கொண்டுவரும் அம்மாக்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், படித்து முடித்து எங்கே போகிறார்கள் என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

உயர்கல்வியும் சாதியும் என்றால் நாம் வழக்கமாக எதைப் பேசுகிறோம்? 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். இவற்றைப் பேசியே ஆகவேண்டும். ஆனால் நம் ஊர்க் கடற்கரையிலேயே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் தலைமையகம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். அதைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று அது தொடங்கியது. மும்பை, கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினத்தில் இருந்த பழைய அரசு கடல்சார் பயிற்சி நிறுவனங்களை ஒன்றாக இணைத்து உருவாக்கினார்கள். யுஜிசியோ கல்வி அமைச்சகமோ அல்ல, கப்பல் துறை அமைச்சகம்தான் அதற்குப் பொறுப்பு. நாட்டிக்கல் சயின்ஸ், மரைன் இன்ஜினியரிங் போன்ற படிப்புகள் அங்கே இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதன்கீழ் இணைந்த தனியார் கல்லூரிகளும் நாடு முழுக்க இருக்கின்றன.

நான் மீனவக் குப்பத்தில் பிறந்தவன். கப்பல் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு ஆய்வேட்டிலிருந்து வரவில்லை, என் சித்தி வீட்டிலிருந்து வந்தது.

சித்தி மகன் நாட்டிக்கல் சயின்ஸ் மூன்று வருடம் படித்து முடித்தான். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, காலையில் அணிவகுப்பு. அந்தச் சீருடையோடு அவன் முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று, சித்தி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனைத் தொடாமல் தள்ளியே நின்றார். சட்டையில் கறை பட்டுவிடுமாம். படிப்பு முடிந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அவன் இன்னும் கப்பல் ஏறவில்லை. ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்டார். "சீட்டு கிடைச்சிருச்சு அண்ணா, கப்பல்தான் கிடைக்கல" என்று என்னிடம் சொன்னான். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான்.

கல்லூரியில் அவன் அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவன் செங்கல்பட்டுப் பக்கம், சேரியிலிருந்து வந்தவன், அப்பா கட்டட வேலை. அவனும் காத்திருக்கிறான். மற்றொருவனுடைய பெரியப்பா கேப்டன். அவன் தேர்வு முடிந்த இரண்டாவது மாதமே கப்பல் ஏறிவிட்டான். மூவரில் அவன் மதிப்பெண்தான் குறைவு. அவனைக் குறை சொல்லவில்லை, நல்ல பையன். அவனுக்கு ஒரு தொலைபேசி எண் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் அதிகாரியாவதற்குப் பட்டம் மட்டும் போதாது. நாட்டிக்கல் சயின்ஸ் முடித்தவர் பன்னிரண்டு மாதம் கப்பலில் கேடட்டாகப் பணி செய்திருக்க வேண்டும். இதை 'சீ டைம்' என்பார்கள். அதை முடித்தால்தான் கப்பல் இயக்குநரகம் நடத்தும் 'செகண்ட் மேட்' தகுதித் தேர்வை எழுத முடியும். தேறினால்தான் அதிகாரி. சீ டைம் இல்லாத பட்டம் சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும். அந்த சீ டைமைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் தனியார் கப்பல் நிறுவனங்கள். அவர்கள் யாரை எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்பதில் இட ஒதுக்கீட்டுக்கு இடமே இல்லை. இன்னொரு வழியாக ஓராண்டு டிப்ளமா இருக்கிறது. அதில் சேர்வதற்கே ஒரு கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர் கடிதம் வேண்டும்.

மருத்துவக் கல்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்பிபிஎஸ் படித்தவர் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்தால்தான் மருத்துவர். நாளைக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இப்படிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: "இட ஒதுக்கீட்டில் சீட்டு கொடுத்துவிட்டோம், பாடமும் நடத்திவிட்டோம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு நீங்களே ஒரு தனியார் மருத்துவமனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் மருத்துவர் இல்லை." தமிழ்நாடு சும்மா இருக்குமா? கப்பல் படிப்பில் நடப்பது இதுதான். நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடலுக்கும் சாதிக்கும் உள்ள உறவு பழையது. கடல் தாண்டினால் தீட்டு என்றது சாத்திரம். கணித மேதை ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். தினமும் கப்பல்களைப் பார்த்தபடி வேலை. அவரே இங்கிலாந்து போக முதலில் தயங்கியதற்குக் காரணங்களில் ஒன்று கடல் கடப்பதற்கான சாதித் தடை. 1914 மார்ச்சில்தான் கப்பல் ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டே பரோடா அரசின் உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடல் தீட்டு என்றிருந்த காலத்தில் கப்பலில் வேலை செய்தவர்கள் யார்? 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் ஏழை மக்கள்தான். பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளினார்கள், கயிறு இழுத்தார்கள். அதே வேலைக்கு வெள்ளைக்காரத் தொழிலாளி வாங்கியதில் ஒரு சிறு பகுதிதான் இவர்களுக்குக் கூலி. கப்பலுக்குள்ளும் சாதி இருந்தது. கழிவறையைக் கழுவுபவருக்கு 'டோப்பாஸ்' என்று தனிப் பெயர், லஸ்கர் வரிசையில் கடைசி இடம். அந்த வேலைக்குப் பெரும்பாலும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியினரையே எடுத்தார்கள். நிலத்தில் எந்த வேலை யாருக்கோ, நடுக்கடலிலும் அந்த வேலை அவருக்கு.

இந்தியர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க 'டஃப்ரின்' என்ற பயிற்சிக் கப்பல் 1927இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது ராஜேந்திரா ஆனது, பிறகு சாணக்யா ஆனது, இப்போது கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக இருக்கிறது. அதிகாரி பதவியும் நல்ல சம்பளமும் வந்ததும் தீட்டு கடலை விட்டுக் காணாமல் போய்விட்டது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடல் எங்களுடையது, ஆகவே கப்பலும் மீனவர் பிள்ளைகளுக்கே என்று பேச நான் வரவில்லை. எங்கள் குப்பங்களும் சாதிக்கு வெளியே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள். அதை மறைத்துவிட்டு நான் இங்கே ஜெய்பீம் சொல்ல முடியாது. என் தம்பிக்கும் அந்தச் செங்கல்பட்டுத் தோழனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

உள்ளே நுழைவதே அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதையும் பார்ப்போம். இந்தப் படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். எஸ்சி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் குடும்ப வருமான உச்சவரம்பு இரண்டரை லட்சம். அதாவது உதவித்தொகைக்குத் தகுதியான ஒரு குடும்பத்தின் முழு ஆண்டு வருமானமே ஏறக்குறைய ஓராண்டுக் கட்டணத்துக்குச் சரியாகப் போகும். உதவித்தொகை தாமதமாக வந்தால் அதுவரை வட்டிக்கு வாங்க வேண்டும். அடுத்தது, தமிழ்நாட்டில் மீனவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 20 விழுக்காட்டுக்குள் வருகிறார்கள். ஒன்றிய அரசுப் பட்டியலில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. எல்லோரும் ஒரே ஓபிசி வரிசையில் நிற்க வேண்டும். ஓபிசி உள் ஒதுக்கீட்டுக்காக 2017இல் அமைத்த ரோகிணி ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதனால் இதுவரை ஒரு மாணவருக்கும் பயன் இல்லை. இவ்வளவையும் தாண்டி ஒருவன் உள்ளே போய்ப் படித்து முடிக்கிறான். அவனைத்தான் கரையிலேயே நிறுத்துகிறார்கள்.

உடனே ஒரு குரல் வரும். "கப்பல் என்பது பல நூறு கோடி ரூபாய்ச் சொத்து, அதில் உயிர்கள் இருக்கின்றன, தகுதி பார்க்க வேண்டாமா?" பார்க்கட்டும். தகுதியைச் சோதிக்கத்தான் கப்பல் இயக்குநரகத்தின் தேர்வு இருக்கிறது. அதில் யாருக்கும் சலுகை காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சீ டைம் அந்தத் தேர்வு எழுதுவதற்கான நுழைவுச் சீட்டு. அது கல்வியின் ஒரு பகுதி, வேலை கொடுக்கும் சலுகை அல்ல. பெரியப்பாவின் தொலைபேசியிலும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் நான்கு லட்சத்திலும் எந்தத் தகுதி இருக்கிறது என்று அவர்கள்தான் நமக்கு விளக்க வேண்டும்.

"தனியார் நிறுவனத்தை எப்படிக் கட்டாயப்படுத்துவது?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. 2004 முதல் வருமான வரிச் சட்டத்தில் 'டன்னேஜ் வரி' என்று ஒரு முறை உண்டு. கப்பல் நிறுவனம் உண்மையில் சம்பாதித்த லாபத்துக்குப் பதிலாக, கப்பலின் கொள்ளளவை வைத்து ஒரு தொகையைக் கணக்கிட்டு அதற்கு மட்டும் வரி கட்டினால் போதும். பெரிய சலுகை இது. இந்தச் சலுகைக்கு ஈடாக, குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயிற்சி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, தனியார் கப்பலில் பயிற்சி கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நம் வரிப்பணத்தை விட்டுக்கொடுத்து வாங்கும் அந்தப் பயிற்சி இடங்களில் சமூகநீதி எங்கே என்றுதான் கேட்கிறோம்.

பொதுத்துறையிலும் கப்பல் இருக்கிறது. இந்தியக் கப்பல் கழகம் 1961இல் உருவானது. அதில் அரசுக்கு இருந்த பங்கு முழுவதையும் விற்க 2019 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. அது விற்கப்பட்டால், இட ஒதுக்கீட்டோடு கேடட் எடுக்கக்கூடிய பெரிய நிறுவனம் ஒன்று நம் கையைவிட்டுப் போகும். தனியார்மயத்தை எதிர்ப்பது தொழிற்சங்கங்களின் வேலை மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாடு அரசுக்கும் ஒரு கப்பல் நிறுவனம் உண்டு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், 1974இல் தொடங்கியது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதுதான் நமக்குத் தெரியும். நம் அனல்மின் நிலையங்களுக்குக் கடல்வழியாக நிலக்கரி கொண்டுவந்ததும் அதுதான். 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்று ஒரு காலத்தில் அதற்குச் சொந்தக் கப்பல்கள் இருந்தன. பிறகு வாடகைக் கப்பல்களுக்கு மாறினார்கள். அரசு ஒரு கப்பலை வாடகைக்கு எடுக்கும்போது, அதில் இத்தனை தமிழ்நாட்டுக் கேடட்களை 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டு முறைப்படி ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைக்கலாம். பெரியார் பெயரில் கப்பல் விட்ட மாநிலத்துக்கு இது பெரிய காரியம் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. ஒன்று, கப்பல் பயிற்சியைப் படிப்பின் பகுதியாக அறிவித்து, அதைப் பெற்றுத் தரும் பொறுப்பைப் பல்கலைக்கழகமும் அமைச்சகமும் ஏற்க வேண்டும். இரண்டு, டன்னேஜ் வரிச் சலுகை பெறும் நிறுவனங்களின் பயிற்சி இடங்களில் இட ஒதுக்கீடு வேண்டும். மூன்று, எஸ்சி, எஸ்டி, மீனவ மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் சேரும்போதே அரசு கட்ட வேண்டும். நான்கு, ஒவ்வோர் ஆண்டும் படித்து முடித்தவர்களில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும்.

நான்காவதை நாம் இன்றே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். கூட்டம் முடிந்ததும் வாசலில் நான்கு கேள்விகள் எழுதிய தாள் வைத்திருப்பேன். ஆளுக்கு ஒன்று எடுத்து, உங்கள் பெயரில் பல்கலைக்கழகத்துக்கும் கப்பல் இயக்குநரகத்துக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் கொடுங்கள். பதில் வரவில்லை என்றாலும் சொல்லுங்கள், மேல்முறையீட்டைச் சேர்ந்தே எழுதுவோம்.

என் தம்பி இன்று வருவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்டர் அதிகம் என்பதால் வர முடியவில்லை. அவன் சீருடையை சித்தி இன்னும் துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வைத்திருக்கிறார்.

ஜெய்பீம்.