நாமே அறுத்த கல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தொழில் சம்பந்தமா பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஆனால் பேசப் போவது மண்ணைப் பற்றி. குயிலாப்பாளையத்தில் எங்கள் வீட்டு அறைக்கு நாங்களே கல் அறுத்த கதை.

முதலாண்டு ஒர்க்‌ஷாப் யாருக்கும் மறந்திருக்காது. இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, வி-கட் பொருத்த வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. லேத் பட்டறையில் காசு கொடுத்து அதை வாங்கி வந்து வைத்தவர்களும் உண்டு. இரண்டு மூன்று பேர் முன்வரிசையிலேயே சிரிக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். மார்க் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அரம் எங்கே வழுக்கும், எங்கே கடிக்கும் என்பது ராவினவன் கைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டி இருக்கிறது. செம்மண் பூமி, முந்திரித் தோப்பு. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். அங்கே மண்ணுக்கு அவ்வளவு மரியாதை. அடுத்த தெருவில் எங்களுக்கு மண் என்றால் வறுமை. மண் சுவரை இடித்துச் செங்கல் சுவர் வைத்தவன்தான் முன்னுக்கு வந்தவன்.

என் அப்பா கொத்தனார். அங்கே பார்வையாளர் மையம் கட்டியபோது சுவர் வைத்தவர்களில் ஒருவர். அது அழுத்திய மண் கல்லால் ஆன கட்டடம். 1992ல் ஹாசன் ஃபாத்தி விருது பெற்றது. ஏழைகளுக்கான கட்டடக் கலைக்குத் தரும் விருது அது. விருது வாங்கிய கட்டடத்தில் வேலை பார்த்த ஏழை, தன் வீட்டுக்குக் கடன் வாங்கிச் சூளைச் செங்கல் இறக்கினார். "ஊருக்கெல்லாம் மண்ணு கல்லு போட்டேன், எனக்குச் சூளைக் கல்லுதான்" என்று பெருமையாகச் சொல்வார். அதில் தப்பு இல்லை. அவர் பட்ட பாடு அப்படி.

2022ல் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. மண் கல் நாமே அறுக்கலாம் என்றேன். அம்மா ஒரே போடாகப் போட்டார்கள். "மண்ணு செவுத்துலேர்ந்து வெளியே வரத்தானேடா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சோம்? தெருவுல இன்னா பேசுவாங்க?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பாட்டிலில் கால் பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். மணல் உடனே அடியில் படிந்தது, களி கடைசியில். "பாதி மணல் இருக்கு, களி அஞ்சுல ஒண்ணு. ஆவும்" என்றார். நான் லேப் ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்ட இருந்தேன்.

மெஷின் தெரிந்த மேஸ்திரியிடம் வாடகைக்கு எடுத்தோம். கையால் இழுக்கும் பிரஸ்தான். இதன் மூதாதை 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் வடிவமைத்த சின்வா-ராம். நீளமான கைப்பிடியை இரண்டு பேர் தொங்கி இழுத்தால் 15 டன் அழுத்தம் வரும். லீவர் தத்துவத்தைத் தேர்வில் எழுதியிருக்கிறேன், அதில் தொங்கியது அப்போதுதான்.

மேல் மண்ணை ஓர் அடி ஒதுக்கிவிட வேண்டும். வேரும் இலையும் மக்கிய மண் கல்லுக்கு ஆகாது. அதற்குக் கீழே உள்ளதைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர்தான் சூட்சுமம். உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. எனக்கு அந்தப் பதம் பிடிபட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அப்பா கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

அப்பா, நான், என் மனைவி, மாமா மகன் என நாலு பேர். ஒன்பது ஞாயிற்றுக்கிழமையில் 1,850 கல். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. சூளையில் போட்டு எரிக்க வேண்டியதில்லை. நாலு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் போதும். தண்ணீர் ஊற்றும் வேலையை, யாரும் கேட்காமலே, அம்மா எடுத்துக்கொண்டார்கள். மண் எடுத்த பள்ளம் மழைநீர்த் தொட்டியானது.

ஆறு கல்லை நம் கல்லூரி ஆய்வகத்துக்கே கொண்டுவந்து, அனுமதி பெற்று உடைத்துப் பார்த்தேன். சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 34 கிலோ. சுட்ட செங்கலில் ஐ.எஸ். சொல்லும் கடைசி வகுப்புக்கே 35 கிலோ வேண்டும். எங்கள் ஒற்றை மாடிச் சுவரில் விழும் பாரம் 2 கிலோ கூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "மெஷினு இப்பத்தான் சொல்லுதா?" என்றார்.

பணம் மிச்சமானதா என்று கேட்பீர்கள். எங்கள் நாலு பேர் கூலியைச் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. 18 மூட்டை சிமெண்ட் கடையில் வாங்கியதுதான். கூரை கான்கிரீட், ஜன்னல் ரெடிமேட். எல்லாவற்றையும் நாமே செய்வதென்பது ஆகாத காரியம்.

ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் எங்கள் பக்கம் கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் சுவருக்கு வெளிப்பூச்சு கிடையாது. அம்மா தூங்கவில்லை. அரை மணிக்கொரு தரம் எழுந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். விடிந்து பார்த்தால், மாடித் தண்ணீர் கொட்டும் மூலையில் இரண்டு கல் ஓரம் கட்டை விரல் அளவுக்குக் கரைந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே.

போன வருஷம் வீட்டு வாஷிங்மெஷின் நின்றுபோனபோது, "போர்டு போயிடுச்சு சார், புதுசு மாத்தணும்" என்றார் வந்தவர். எந்தப் பாகம் போனது என்று அவருக்கும் தெரியாது, இன்ஜினியரான எனக்கும் தெரியாது. சுவர் மூலைக்கு யாரையும் கூப்பிடவில்லை. மீதி வைத்திருந்த அதே மண், அதே கலவை. அரை மணி நேரம். தண்ணீர் எட்டி விழக் குழாயை ஓர் அடி நீட்டினேன்.

அதன் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அம்மாதான் அவரைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டி, "நாங்களே போட்ட கல்லு" என்றார்கள். அவர் தை மாதம் வேலை ஆரம்பித்தார். கலவைக்குப் பதம் சொல்ல அப்பா போய் வந்தார்.

சொந்த ஊரில் வீடு கட்டப் போகும் நண்பர்கள் இருந்தால், ஓர் அடிக்குக் கீழே உள்ள மண்ணை ஒரு பாட்டிலில் எடுத்து வாருங்கள். அப்பா பார்த்துச் சொல்வார். கடற்கரை மணல் கொண்டுவந்தால் திட்டு வாங்குவீர்கள், முன்னாடியே சொல்லிவிட்டேன்.