முதல் முழத்தில் தப்பைப் பிடிக்கும் கண்



காவிரிக்கு இக்கரையில் நாம், அக்கரையில் பவானி. இரண்டு ஊரிலும் தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. அப்படியானால் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு, தன் தறிக்குத் துளையிட்ட அட்டைகளைக் கோத்தார். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அந்த அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் பின்னாளில் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, கணினிக்காரர்கள் நமக்குப் பங்காளிகள்!

பழைய டிசைனர்களைக் கேட்டுப் பாருங்கள். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் அடைத்து, அதைப் பார்த்து அட்டை குத்தி, ஒரு பூ தறிக்கு ஏற நாள் கணக்காகும். கணினி வந்தது. நாள், மணியாகச் சுருங்கியது. டிசைனுக்கான கூலியும் கூடவே சுருங்கியது. டிசைனர் மட்டும் முன்பு போலவே இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

இப்போது அதே நிலை, செயற்கை நுண்ணறிவால், கணக்கு எழுதுகிறவருக்கும், மொழிபெயர்ப்பவருக்கும், வக்கீல் ஆபீசில் நோட்டீஸ் தயாரிக்கிற தம்பிக்கும் வந்திருக்கிறது. சொற்களை டோக்கன் என்ற துண்டுகளாக்கி, அந்தக் கணக்கில் இந்த மெஷின் கூலி வாங்குகிறது. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது பத்து லட்சம் டோக்கனை உள்ளே கொடுக்க 30 டாலர். அதே வரிசையில் 2024 ஜூலையில் வந்த சின்ன மாடலுக்கு 15 சென்ட். விலை இருநூற்றில் ஒரு பங்கு. தமிழுக்குத் தனிச் சுங்கம் வேறு இருந்தது. ஜிபிடி-யைத் தயாரிக்கிற கம்பெனியே காட்டிய உதாரணத்தில் 116 டோக்கனாக உடைந்த தமிழ்ப் பகுதி, 2024 மே மாதம் 35-ஆகக் குறைந்தது. அதுவரை மூன்று மடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம்.

இறங்கியது எழுதுகிற விலை. எழுதியது சரியா என்று பார்க்கிற விலை இறங்கவில்லை. டெலாய்ட் நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்கு 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஓர் அறிக்கை தந்தது. அதில் இல்லாத ஆய்வுகள். நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத மேற்கோள். மெஷினைப் பயன்படுத்திய விவரம் திருத்திய பதிப்பில்தான் வெளியே வந்தது. 2025 அக்டோபரில் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

அட்டையில் ஒரு துளை தப்பினால் பாவு முடியும்வரை அதே தப்பு வரும். முதல் முழத்திலேயே அதைப் பிடிக்கிற கண் யாருக்கு வந்தது? வருஷக்கணக்காகக் கட்டம் அடைத்தவருக்கு! இன்று ஆபீஸ்களில் முதலில் நிறுத்தப்படுவது, கட்டம் அடைப்பது போன்ற அந்தத் தொடக்க வேலைதான். மெஷின் இருக்கிறதே, புதுப் பிள்ளைகள் எதற்கு என்கிறார்கள். இன்றைக்கு அது மிச்சம். பத்து வருஷம் போனால் தப்புப் பிடிக்க ஆள் எங்கிருந்து வருவார்?

இங்கே ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், ஜவுளிக்காரர்கள் இருக்கிறீர்கள், கல்லூரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். மெஷினால் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கை, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கப் பழகும் புதியவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர் இது. இந்தக் கூலியையும் உட்கார்ந்து பேசி, இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்வோம்.