நல்ல ஊசியைப் பூட்டி வைக்கலாமா?

(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பின்னால் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு காத்திருக்கிறது. அதனால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

நம் வளாகத்தில் இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பாதிப் பேர் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியவர்கள், மீதிப் பேர் பிள்ளைகள் புது டர்ன்டேபிள் வாங்கிக் கொடுத்தவர்கள். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பையன் ஊரிலிருந்து வரும்போது விலை கூடின கார்ட்ரிட்ஜ் ஒன்று கொண்டு வந்தான். அதை மாட்டலாமா, இல்லை அதைப் பத்திரமாக வைத்துவிட்டு சாதா ஊசியிலேயே கேட்கலாமா?"

மாட்டுங்கள். காரணம் சொல்கிறேன்.

உங்களில் சிலர் சாவி கொடுக்கும் கிராமபோனைப் பார்த்திருப்பீர்கள். அதில் எஃகு ஊசி. ஒரு பக்கம் ஓடியதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டுவார்கள். ஊசி என்றால் தேயும் என்ற பயம் அங்கிருந்தே நமக்கு வந்துவிட்டது. இன்றைய ஊசி முனை வைரம். நல்ல முனை 1000 மணி நேரம் வரை உழைக்கும், சாதாரணமானது 500 மணி நேரம். நீங்கள் வாரத்துக்கு மூன்று எல்.பி. கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அது சுமார் இரண்டு மணி நேரம். அப்படியானால் அந்த 1000 மணி நேரம் தீர ஒன்பதரை ஆண்டு ஆகும். எழுபது வயதில் மாட்டினால் எண்பதை நெருங்கும்போதுதான் அடுத்த ஊசி. இதில் எதை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்?

இந்த 1000 மணி நேரத்தில் ஊசி தட்டின் மேல் கடக்கும் தூரத்தைப் பொழுது போகாமல் ஒருநாள் கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து மும்பை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டி வைத்தால் கெடாது என்று நினைப்பதும் சரியில்லை. வைர முனை ஒரு மெல்லிய தண்டின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டைத் தாங்குவது உள்ளே உள்ள ஒரு சின்ன ரப்பர் துண்டு. வைரத்துக்கு வயதாகாது, ரப்பருக்கு ஆகும். பெட்டியில் தூங்கினாலும் அது மெல்ல இறுகும், சில சமயம் இளகிப் போகும். பீரோவில் மடித்தபடியே கிடந்த பட்டுப்புடவை மடிப்பு ஓரத்தில் விட்டுப்போவது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். இதுவும் அந்த மாதிரிதான். பழைய போர்ட்டபிள் பிளேயர்களில் இருந்த கிரிஸ்டல் பிக்கப் இன்னும் மோசம். அதற்குள் இருப்பது ஒருவகை உப்புப் படிகம், நம் கடலோரக் காற்றின் ஈரம் அதற்கு ஆகவே ஆகாது. முப்பது வருடம் பரணில் கிடந்தது ஊமையாக இருந்தால் அதிசயப்படாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். வயது ஏற ஏற நமக்கு முதலில் மங்குவது மேல் ஸ்தாயி ஒலிகள். விலை கூடின ஊசி விலைக்குத் தகுந்த வேலையைச் செய்து காட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். தம்புராவின் மேல் ரீங்காரம், ஜால்ராவின் துல்லியம், பாடுபவர் 'ஸ' சொல்லும்போது சீறாமல் இருப்பது, இதெல்லாம் அதில் சேரும். இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 20 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அங்கே ஒலி நெருக்கியடித்துப் பதிவாகியிருப்பதால் மொத்தையான முனை தடுமாறும். பக்கத்தின் கடைசிப் பாட்டு கரகரப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். நல்ல ஊசியில் அந்தக் கடைசிப் பாட்டு தெளிந்து வரும். ஐந்து வருடம் கழித்து மாட்டினால் ஊசி அதே ஊசிதான். காது அதே காதாக இருக்குமா?

சேமிக்க நியாயம் உள்ளவர்களும் உண்டு. ஷூர் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த வி-15 வரிசையை வைத்திருப்பவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அந்த நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனால் அந்த வகையில் தேய்வது ஊசிதான், உடல் அல்ல. ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். ஜப்பானின் ஜிக்கோ நிறுவனம் மாற்று ஊசி செய்கிறது. மூவிங் காயில் வகைக்கு இந்த வசதி இல்லை. ஊசி போனால் முழுவதையும் அனுப்பிச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் சாதா கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையில் வாங்கிய, கழுவாத, கீறல் விழுந்த தட்டுகளுக்கு அது போதும். சுத்தமான தட்டுக்கு நல்லதைப் போடுங்கள்.

தேய்ந்த சாதா ஊசியிலேயே வருடக்கணக்கில் ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். தேய்ந்த முனை உளி மாதிரி ஆகிவிடும், பள்ளத்தையே செதுக்கும். ஊசியைக் கடையில் வாங்கலாம், அப்பா வாங்கி வைத்த தட்டை எங்கே போய் வாங்குவது? மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து, கேட்ட பக்கங்களைக் கோடு போட்டு வாருங்கள். பால் கணக்கு எழுதிய கைகள்தானே.

உண்மையில் நல்ல ஊசிகள் அதிகம் சாவது தேய்ந்து அல்ல, தூசி துடைக்கும் துணியில் மாட்டி. யார் துடைத்தாலும் சரி, முதலில் ஊசி மூடியைப் போடச் சொல்லுங்கள். ஊசியைச் சுத்தம் செய்யும்போது பிரஷ்ஷைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுங்கள்.

ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது என்று பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கத் தயாராக இருப்பவர்கள் செக்யூரிட்டியிடம் பிளாட் எண்ணை எழுதி வையுங்கள். ஞாயிறு மாலை நானே தராசோடு வந்து மாட்டித் தருகிறேன். காபி மட்டும் சர்க்கரை இல்லாமல்.