டீசல் கார்களின் கழிவுப்புகையும் மக்கள் நல்வாழ்வும்

(உரையின் வாசகம்)

பொருளாதார வளர்ச்சியின் அடையாளங்களுள் ஒன்றாகப் போக்குவரத்து வளர்ச்சி கருதப்படுகிறது. விளைபொருள் சந்தையை அடையவும், தொழிலாளி ஆலைக்குச் செல்லவும், நோயாளி மருத்துவமனை சேரவும் வாகனம் தேவை. ஆனால் அவ்வாகனம் வெளியிடும் புகையே மனிதரை நோயாளியாக்குமானால், வளர்ச்சிக் கணக்கில் வரவுடன் செலவையும் எழுதியாக வேண்டும். நாட்டின் திட்டங்களை இன்று நிறைவேற்றிவரும் அலுவலர்களும், நாளை நிறைவேற்றவிருக்கும் மாணவர்களும் இக்கணக்கை அறிந்திருத்தல் அவசியம்.

டீசல் கார்களைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய டீசல் வண்டியின் கேட்டினை அதன் கரும்புகையே காட்டிக்கொடுத்தது. புதிய காரின் புகைக்குழாயிலோ கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியாததனால் கேடு இல்லை என்று முடிவு செய்துவிட முடியுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

டீசல் கார்கள் பெருகிய வரலாறு

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகிச் சூடேறுகிறது. அதில் பீச்சப்படும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்கிறது. இம்முறையில் எரிபொருள் குறைவாகச் செலவாகிறது. உழவரின் இறைவைப் பம்பு, பேருந்து, லாரி ஆகியவற்றைக் கருதி இந்தியாவில் டீசலின் விலை நெடுங்காலம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. அச்சலுகை கார் உரிமையாளர்களையும் சென்றடைந்தது. 2012ஆம் ஆண்டையொட்டி, விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறைய பாதி டீசல் கார்களாக இருந்தன. 2013 ஜனவரி முதல் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு, 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வேறுபாடு சுருங்கவே, டீசல் கார் விற்பனையும் குறைந்தது. எனினும், தனியார் காரின் பதிவு பொதுவாக 15 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவதால், அக்காலத்தில் விற்ற வண்டிகள் பலவும் இன்னும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புகையில் அடங்கியவை

டீசல் துளிகள் காற்றுடன் முழுமையாகக் கலக்காத இடத்தில் கரித்துகள் உண்டாகிறது; வெப்பம் மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. ஒன்றைக் குறைக்க என்ஜினைத் திருத்தினால் மற்றது கூடும். டீசல் பொறியியலின் பழைய இடர்ப்பாடு இது.

இத்துகள்களில் எண்ணிக்கையால் மிகப் பெரும்பான்மையானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவிற்கொண்டால் இவற்றின் நுண்மை விளங்கும். மூக்கின் மயிரும் சளிப்படலமும் இவற்றைத் தடுக்க இயலாது. இவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று தங்குகின்றன. ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாய்களை அழற்சியுறச் செய்து ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் ஓசோனை உண்டாக்கவும், மேலும் நுண்துகள்களாக மாறவும் வல்லவை.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என 1988இல் வகைப்படுத்தியது. சுரங்கத் தொழிலாளர் போன்றோரிடம் நடந்த ஆய்வுகளைப் பரிசீலித்த பின்னர், 2012 ஜூனில் அது புற்றுநோயை விளைவிப்பதே என உறுதிப்படுத்தியது. அவ்வாய்வுகள் பெரும்பாலும் பழைய என்ஜின்களின் புகையைப் பற்றியவை என்பதும், புதியவற்றின் துகள் அளவு பன்மடங்கு குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் நுண்துகள்களை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக நேர்கின்றன என்பதிலும் ஐயமில்லை. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று அந்நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. இந்தியா 2009இல் வகுத்த வரம்பு 40 மைக்ரோகிராம் ஆகும்.

இத்தீங்கிற்கு முதலில் ஆளாவோர் யார்? சாலைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், நடைபாதை வணிகர், பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவர் ஆகியோரே. இவர்களிற் பெரும்பாலோர் காருக்கு உரிமையாளர் அல்லர். ஆதலின் இது நல்வாழ்வுப் பிரச்சினை மட்டுமன்று. சமூக நீதிப் பிரச்சினையுமாகும்.

விதிகளும் கருவிகளும்

பாரத் நிலை 4 விதிகள் 2010இல் முக்கிய நகரங்களிலும், 2017 ஏப்ரலில் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் நிலையைத் தவிர்த்துவிட்டு, 2020 ஏப்ரல் முதல் ஆறாம் நிலை கொண்டுவரப்பட்டது. டீசலிலுள்ள கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும், நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும் குறைக்கப்பட்டன. இது பெருஞ்சாதனையே.

ஆனால் இச்சாதனை என்ஜினைவிட, அதன் பின்னால் பொருத்தப்பட்ட கருவிகளையே பெரிதும் சார்ந்தது. துகள் வடிகட்டி பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேலான துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துப்போக்க வேண்டும். நெரிசலில் குறுந்தூரமே ஓடும் காரில் இவ்வெப்பம் எட்டாமல் வடிகட்டி அடைபடலாம். நைட்ரஜன் ஆக்சைடைப் போக்கும் கருவியும் போதிய சூடேறும் வரை வேலை செய்யாது. அவற்றுள் ஒரு வகைக்கு யூரியாக் கரைசலை முறையாக நிரப்பிவர வேண்டும். கருவி பழுதுற்றாலோ, செலவுக்கு அஞ்சி அகற்றப்பட்டாலோ, புதிய கார் பழைய காராகிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் தேறிய கார் சாலையிலும் தூய்மையாகவே இருக்கும் என்று நம்புவதற்கில்லை என்பதை வோக்ஸ்வாகன் விவகாரம் உலகிற்கு உணர்த்தியது. சோதனை நடப்பதை உணர்ந்து, அவ்வேளையில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி நிரல் அந்நிறுவனத்தின் டீசல் கார்களில் இருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பரில் வெளிப்படுத்தியது. சாலையில் அக்கார்கள் வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியிட்டன. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் அந்நிரல் இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் சுமார் 3.24 இலட்சம் கார்களைத் திருத்தத்திற்காகத் திரும்ப அழைப்பதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. சாலையில் ஓடும்போதே அளவிடும் முறை இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

செய்யவேண்டியவை

விற்பனைக்கு முன் நடக்கும் சோதனை இவ்வாறு கடுமையாயினும், விற்பனைக்குப் பின் நடப்பது பழைய முறையாகவே உள்ளது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் காரில் அளக்கப்படுவது புகையின் அடர்த்தி. அதாவது, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதே. மிக நுண்ணிய துகள் ஒளியை அவ்வளவாக மறைப்பதில்லை; நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. எனவே வடிகட்டி சிதைந்த காரும் சான்றிதழ் பெற்றுவிட இடமுண்டு.

இக்குறையை நீக்க வழி உண்டு. துகள்களை எண்ணிக் கணக்கிடும் கருவியைப் பெல்ஜியம் 2022இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023இலும் காலமுறைச் சோதனையில் புகுத்தின. ஒரு கன சென்டிமீட்டரில் 2,50,000 துகள்கள் என்பது ஜெர்மனி விதித்த வரம்பு. காரை நிறுத்தி வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டுச் சில நிமிடங்களில் இச்சோதனையை முடித்துவிடலாம். இந்தியச் சோதனை நிலையங்களிலும், முதலில் பெருநகரங்களில், இதனைத் தொடங்குவது பயனளிக்கும். வடிகட்டியை அகற்றுவோர்மீதும், அகற்றித் தரும் பட்டறைகள்மீதும் நடவடிக்கை வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும் காருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட வேண்டும்.

உறுதி இருந்தால் இத்தகைய பணி கைகூடும் என்பதற்குத் தில்லி சான்று. நகரப் பேருந்துகள் அனைத்தையும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஆணையிட்டது. தட்டுப்பாடும் எதிர்ப்பும் தாமதமும் இருந்தபோதிலும், 2002 இறுதிக்குள் அம்மாற்றம் நிறைவேறியது.

கார் உரிமையாளருக்கும் கடமை உண்டு. எச்சரிக்கை விளக்கைப் புறக்கணியாமை, வடிகட்டி தூய்மையுற அவ்வப்போது காரைத் தடையற்ற சாலையில் ஓட்டுதல், நிற்கும்போது என்ஜினை நிறுத்துதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

நவீன டீசல் கார் தூய்மையானதா என்பதற்கு ஒரே விடை இல்லை. அதன் கருவிகள் செம்மையாக இயங்கும் வரை அது பழைய காரைவிட மிகத் தூய்மையானது. இயங்காதபோது அது தரும் தீங்கு பழையதே. அவை இயங்குகின்றனவா என்பதை அக்காரின் ஆயுள் முழுவதும் அளந்து அறிவது அரசின் பொறுப்பு. அப்பொறுப்பு நிறைவேறினால்தான், காரில் செல்வோரின் வசதிக்குச் சாலையோரத்தில் நிற்போர் தம் உடல்நலத்தை விலையாகக் கொடுக்கும் நிலை மாறும்.