ரசீது

பொறியியலுக்குப் பணம் கட்டியபின், கல்லூரி திறக்குமுன்னே "வேண்டாம்" என்று மகள் சொன்னால், பிழைக்க வந்த ஊரில் நம்மவர் வீட்டில் அன்று உலை ஏறுவதில்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அண்மையில் கண்டேன். தந்தையின் சினத்தில் பாதி, கடன் தந்த அச்சம்.

அன்னா மாணி அம்மையாரை நினைவூட்டினேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். மருத்துவம் பயில விரும்பியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் எடுத்தார். 1945-இல் இங்கிலாந்து சென்றதும் பௌதிகத்தை நாடியே. கிடைத்த உபகாரச் சம்பளமோ வானிலைக் கருவிகளுக்கு. அதை ஏற்றார். நாடு திரும்பி, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைச் சீராக்கினார். இந்நகரத்துத் தும்பா ஏவுதளத்தில் கருவிக் கோபுரம் நிறுவியவரும் அவரே. 2001-இல் இங்கேயே மறைந்தார்.

"அவர் உபகாரச் சம்பளத்தில் போனவர், நான் கட்டிய பணம்?" என்றார் தந்தை. நியாயமான கேள்விதான். வகுப்புத் தொடங்குமுன் விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் கழித்து மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி என்றேன்.

அவர் ரசீதைத் தேட எழுந்தார். மகள் அதை முன்பே எடுத்து வைத்திருந்தாள்.